பழைய மோட்டார் சைக்கிளைச் செப்பனிடல்

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூரில், நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே வரும் தென்பெண்ணை நீரால் நிறையும் பேரேரியொன்று உண்டு. அவ்வூரிலுள்ள எம் சிற்றன்னையார் இல்லத்து மாட்டுக்கொட்டிலின் மூலையில், சாக்குப் போர்த்து நான்காண்டுகள் கிடந்தது ஒரு 'புல்லட்' மோட்டார் சைக்கிள். உபதேசியாராயிருந்த எம் சிறிய தந்தையார் ஊர்தோறும் ஊழியத்துக்குச் சென்றது அதன்மீதே. 2021-ஆம் ஆண்டில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின்னர் அதனைத் தொடுவார் இலராயினர். 2025 ஏப்ரலில் தரகர் ஒருவர் வந்தார். உதைகோலை இருமுறை அழுத்திப் பார்த்தார். "பிஸ்டன் பிடித்துக்கொண்டதம்மா, இனி இது இரும்புதான்" என்றார். எண்ணாயிரம் ரூபாய் தருவதாகவும் சொன்னார்.

சிற்றன்னையார் உடனே விடை கூறவில்லை. அவர் மகன், எமக்குத் தம்பி முறையினன், கிருஷ்ணகிரியில் தொழிற்பயிற்சி பெறுபவன். காலைப் பேருந்தைத் தவறவிட்டால் அன்றைய வகுப்பையே தவறவிட வேண்டியவன். வண்டி ஓடுமாயின் அவனுக்கு அது பெருந்துணை. ஓடாதாயின் எண்ணாயிரமே இலாபம். மேலும், 1985 ஜூலையில் பதிவு செய்யப்பட்ட அவ்வண்டியின் பதிவுச் சான்று, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு வந்து, 2025 ஜூலையில் காலாவதியாக இருந்தது. ஆகவே தரகர் சொல் மெய்யா பொய்யா என்று தெளிவதற்கு எமக்கு ஒரு கோடை விடுமுறையே தவணையாயிற்று. அத்தவணையில் யாமும் தம்பியும் கற்றவற்றை, இத்தகைய வண்டி வீட்டில் கிடக்கப்பெற்ற தோழர்க்குப் பயன்படுமென எண்ணி ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் இப்பொறியின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். அதில்தான் இதனை இல்லத்தில் செப்பனிடக்கூடும் என்னும் நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கின்றது. 350 சி.சி. புல்லட்டின் பிறப்பிடம் இங்கிலாந்து தேசத்து ரெட்டிச் நகரம். 1950-களின் தொடக்கத்தில் நம் நாட்டுப் படையினர்க்கென அவ்வண்டிகள் தருவிக்கப்பட்டன. 1955-இல் சென்னை மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் ரெட்டிச் நிறுவனத்தாரோடு கூடி என்பீல்டு இந்தியா என்னும் கம்பெனியை நிறுவித் திருவொற்றியூரில் தொழிற்சாலை கண்டனர். தொடக்கத்தில் அங்கிருந்து வந்த உறுப்புகளை இங்கே பூட்டினர். சின்னாட்களில் உறுப்புகளையும் இங்கேயே வார்க்கவும் கடையவும் தொடங்கினர். 1970-இல் இங்கிலாந்தில் அக்கம்பெனி மறைந்தொழிந்தது. திருவொற்றியூரிலோ பழைய வார்ப்பிரும்புச் சிலிண்டர் புல்லட் ஏறத்தாழ 2010 வரையில் பெரிய மாறுதலின்றி உருவாகிவந்தது. தாய்வீட்டில் அவிந்த அடுப்பு மகள்வீட்டில் நாற்பதாண்டு எரிந்தது போலும்! அரை நூற்றாண்டாக ஒரே வடிவில் வந்தமையால், 1985-இல் செய்த வண்டிக்கு வேண்டிய உறுப்பு சென்னைப் புதுப்பேட்டையிலும், பெங்களூரு ஜே.சி. ரோட்டிலும் இன்றும் கிடைக்கின்றது. அன்றியும், வழியில் நின்றுவிட்டால் ஓட்டுவோனே கழற்றிப் பார்க்க வேண்டும் என்று கருதியே அமைக்கப்பட்ட பொறி இது. சில ஸ்பேனர்களும் ஒரு திருப்புளியும் இருந்தால் இதன் பெரும்பகுதியைத் திறக்கலாம்.

நெடுநாள் கிடந்த வண்டியைக் கண்டவுடன் உதைத்துப் பார்க்கும் அவா எவர்க்கும் எழும். அதனை அடக்குதலே முதல் வேலை. காரணம் இரண்டு. ஒன்று, சிலிண்டரின் உட்சுவரில் படிந்திருந்த எண்ணெய் வடிந்து உலர்ந்து, பிஸ்டன் வளையங்கள் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். வலிந்து உதைத்தால் அத்துரு சுவரைக் கீறிவிடும். மற்றொன்று, இவ்வகைப் புல்லட்டில் எஞ்சின் எண்ணெய் அடிக்குழியில் தேங்கி நிற்பதன்று. அதற்கெனத் தனி அறை உண்டு. அவ்வறையிலிருந்து ஒரு பம்பு எண்ணெயைச் சுழல்தண்டுக்குச் செலுத்த, மற்றொரு பம்பு வடிந்ததை மீட்டும் அறைக்கு ஏற்றுகின்றது. வண்டி மாதக்கணக்கில் நின்றால், செலுத்தும் பம்பின் வழியே எண்ணெய் சிறிது சிறிதாகக் கசிந்து சுழல்தண்டின் குழியை நிரப்பிவிடும். அந்நிலையில் உதைத்தால் கல்லை உதைப்பதுபோல் இருப்பதில் வியப்பில்லை. தரகர் 'பிடித்துக்கொண்டது' என்று தீர்ப்பளித்தது இதனாலேயே என்பதைக் குழியின் அடித் திருகைக் கழற்றியபோது அறிந்தோம்; கரிய எண்ணெய் ஒரு பழைய பால்பாத்திரம் நிறைய வடிந்தது.

பின்னர்ப் பிளக்கைக் கழற்றி, அத்துளையின் வழியே சிறிது புது எண்ணெய் ஊற்றி மூன்று நாள் விட்டுவைத்தோம். நான்காம் நாள் வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, மேல் கியரில் இட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தோம். முதலில் சிறிதும் அசையவில்லை. அரைமணிக்குப் பின் ஒரு விரற்கடை அசைந்தது, பிறகு இரண்டு, பிறகு 'சரக்'கென்ற ஒலியோடு முழுச்சுற்று வந்தது. எசேக்கியேல் தீர்க்கர் கண்ட பள்ளத்தாக்கில் எலும்போடு எலும்பு சேரும் ஒலி இவ்வாறுதான் இருந்திருக்குமோ என்று யாம் கூற, தம்பி, "அண்ணா, இன்னும் தசையும் தோலும் பாக்கி" என்றான். அவன் கூறியதே சரி.

எஞ்சின் சுழன்றால் மட்டும் போதாது, எரிய வேண்டும். எரிவதற்கு வேண்டுவன மூன்று: உள்ளே இழுத்த கலவை நெருக்கப்படுதல், உரிய கணத்தில் தீப்பொறி, உரிய அளவில் பெட்ரோலும் காற்றும். எந்த வண்டி ஓடாவிடினும் குறை இம்மூன்றனுள் ஒன்றிலேயே இருக்கும். அவற்றை இம்முறையிலேயே ஆராய்வது நலம். நெருக்கம் இல்லாத எஞ்சினுக்கு எத்துணைப் புதிய பிளக் வாங்கினும் வீணே.

நெருக்கம் என்பது யாது? இவ்வெஞ்சினின் சிலிண்டர் 70 மி.மீ. விட்டமுடையது, பிஸ்டன் மேலுங்கீழும் செல்லும் தொலைவு 90 மி.மீ. இவ்விரண்டையும் கொண்டு கணக்கிட்டால் 346 கன செ.மீ. வரும், '350' என்று வழங்குவது இதனையே. பிஸ்டன் மேலேறும்போது இவ்வளவு கலவையும் தலைப்பகுதியிலுள்ள சிற்றறையில் ஒடுங்க வேண்டும். அப்போது இரு வால்வுகளும் இறுக மூடியிருத்தல் இன்றியமையாதது. பிளக் துளையைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு உதைகோலை இயக்கினால், நல்ல எஞ்சின் விரலைத் தள்ளிவிட்டுச் சீறும். எமது வண்டியோ நோயாளி பெருமூச்சு விடுவது போல விரலை மெல்லத் தடவிச் சென்றது.

உடனே சிலிண்டரையே குறைகூறுவது பிழை. முதலில் பார்க்க வேண்டியது டேப்பட். வால்வுகளைத் திறப்பன இரு நீண்ட தள்ளுகோல்கள். அவற்றின் நீளத்தைச் சரிசெய்யும் திருகு எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சிறு மூடிக்குள் இருக்கின்றது. எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும்போது, நெருக்க வீச்சின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி அக்கோலைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். விரலால் உருட்டினால் எளிதிற் சுழல வேண்டும். மேலுங்கீழும் ஆட்டினால் ஆடலாகாது. புல்லட் கையாள்வோர்க்கு அளவுகோல் இதுவே. எமது வண்டியில் புகை வெளியேறும் வால்வின் கோல் சுழலவேயில்லை. அதாவது வால்வு ஒருபோதும் முழுதும் மூடியதில்லை. மூடாத வால்வின் இடுக்கு வழியே தீச்சுடர் பலகாலம் வெளியேறியிருக்கும். திருகைத் தளர்த்திய பின்னும் பெருவிரலுக்கு உரிய அடி கிடைக்காமையால், அவ்வால்வின் விளிம்பு கரிந்திருக்க வேண்டுமென ஊகித்துத் தலைப்பகுதியைக் கழற்றினோம். ஊகம் பொய்க்கவில்லை. வால்வின் விளிம்பில் ஓரிடத்தில் எலி கொறித்தாற்போன்ற பள்ளம் இருந்தது. உடன்படும் தண்டும் அதன் வழிகாட்டிக் குழலுக்குள் இலேசாக ஆடியது.

இவ்விடத்தில் ஓசூரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றும்வரை ஓசூர் சந்தைக்கும் தட்பவெப்பத்துக்கும் பேர்பெற்ற எல்லைப்புற ஊர் மட்டுமே. 1980-இல் அங்கே இருவர் ஏறிச்செல்லத்தக்க டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் உருவாகத் தொடங்கியது. 1984-இல் சுசுகியின் கூட்டுறவோடு 100 சி.சி. மோட்டார் சைக்கிளும் வெளிப்போந்தது. அப்பெருந்தொழிற்சாலைகளுக்குச் சிற்றுறுப்புகள் செய்து தரும் லேத்துப் பட்டறைகள் சந்துதோறும் பெருகின. ஆயிரக்கணக்கில் ஒரேவகை உறுப்பைக் கடையும் அப்பட்டறைகளுள் சிலவற்றில், மாலை வேளையில் ஒற்றை உறுப்பை ஒருவருக்காகக் கடைந்து கொடுக்கும் முதியோர் இன்றும் உளர். பாரூரிலிருந்து பேருந்தில் காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி வழியாக அத்தகைய ஒருவரிடம், வார்ப்புத் தலையைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சென்றோம். சிலிண்டரையும் உடன் கொண்டுசென்றோம். அதற்கும் ரீபோர் அடித்துப் புதுப் பிஸ்டன் போட வேண்டியிருக்கும் என்று எம்மூரில் யாவரும் கூறியிருந்தனர்.

அம்முதியவர் வேலையாளிடம் தெலுங்கிலும், வாயிலில் நின்ற வாடிக்கையாளரிடம் கன்னடத்திலும், எம்மிடம் தமிழிலும் ஒரே மூச்சில் பேசினார். தலையைக் கையில் வாங்கியவர் எம்மை ஒன்றும் கேளாமல் வால்வைத் திருப்பித் திருப்பி ஒளியில் பார்த்தார். பிறகு, "வண்டி எண்ணெய் குடிக்குமா, தம்பி?" என்றார். தெரியாது என்றோம். "புகைக்குழாய் முனையில் கரி எப்படி இருந்தது? ஈரமா, உலர்ந்ததா?" உலர்ந்த கரி என்றோம். அவர் சிலிண்டருக்குள் உள்ளளவு மானியை மேலும் நடுவும் கீழுமாக மூன்றிடத்தில், குறுக்கும் நெடுக்குமாக வைத்தார், பிஸ்டனையும் அளந்தார், காகிதத்தில் எண்களைக் குறித்துக்கொண்டார். "இதைத் தொடாதீர். இன்னும் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடும். வளையம் மட்டும் மாற்றுங்கள். ரீபோர் அடித்தால் எனக்குக் காசு, உங்களுக்கு என்ன?" என்றார். வால்வின் வழிகாட்டிக் குழலை மட்டும் வார்ப்பிரும்பில் கடைந்து, அலுமினியத் தலையைச் சூடேற்றி விரிவடையச் செய்து, பழையதை நீக்கிப் புதியதைச் செருகினார். அலுமினியம் ஆறிச் சுருங்கும்போது குழலைத் தானே கவ்விக்கொள்ளும். வேறு ஆணியோ பசையோ வேண்டுவதில்லை. மூன்று மணி நேரத்து வேலைக்கு அவர் கேட்ட கூலியைக் கேட்டுத் தம்பி எம் முகத்தைப் பார்த்தான், அத்துணைக் குறைவு.

புதிய வால்வை அதன் இருக்கையோடு இசையவைத்தல் வீட்டிலேயே செய்யத்தக்க இனிய வேலை. வால்வின் விளிம்பில் அரைப்புப் பசையைத் தடவி, உறிஞ்சுகிண்ணம் பொருத்திய கோலால் அதனைப் பற்றி, இரு உள்ளங்கைகளுக்கும் இடையே தயிர்கடையும் மத்தைப் போல் வலமும் இடமும் உருட்ட வேண்டும். இடையிடையே வால்வைச் சிறிது தூக்கி வேறிடத்தில் வைத்து உருட்ட வேண்டும். இல்லையெனில் வட்டக்கோடுகள் விழும். முடிவில் வால்விலும் இருக்கையிலும் இடையறாத சாம்பல்நிற வளையம் தோன்றும். பசையை முற்றிலும் துடைத்து வால்வைப் பூட்டிய பின், தலையின் புகைவழியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருத்தல் வேண்டும். உட்புறம் துளியும் கசியாதாயின் வேலை முடிந்தது. எமக்கு இரண்டாம் நாளே கசிவு நின்றது. சிற்றன்னையார், "மோர் எடுக்கச் சொன்னால் மட்டும் கை வலிக்கும் உங்களுக்கு" என்றார்.

இனித் தீப்பொறி. இதில் யாம் செய்த பிழையை மறைக்காமல் கூறுதல் கடன். பழைய புல்லட்டில் மின்னணுக் கருவி ஒன்றுமில்லை. பாட்டரியின் மின்சாரம் காயிலின் முதற்சுற்றில் ஓடுகின்றது. 'பாயிண்ட்' எனப்படும் இரு சிறு உலோக முனைகள் குறித்த கணத்தில் பிரிந்து அவ்வோட்டத்தை அறுக்கின்றன. அறுந்தவுடன் காயிலின் காந்தப்புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் எழுந்து, பிளக்கின் முனையில் பொறியாகத் தாவுகின்றது. பாயிண்டுகள் பிரியும் கணத்தில் அவற்றிடையே மின்சாரம் சுடராய்ப் பாயாதபடி தடுப்பது கண்டென்சர் என்னும் சிறு உருளை.

எமது வண்டியில் பொறி மஞ்சளாகவும் மெலிந்தும் வந்தது. நீலமாகவும் பருத்தும் வருதல் வேண்டும். பாயிண்டுகளைத் திறந்து பார்த்தோம். ஒரு முனையில் குழியும் எதிர்முனையில் மேடும் இருந்தன. அழுக்கென எண்ணி உடனே மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கிப் பெட்ரோலால் துடைத்தோம். இடைவெளியையும் 0.35-க்கும் 0.40-க்கும் இடைப்பட்ட மி.மீ. அளவில் வைத்தோம். பொறி சிறிது திருந்தியது. மறுநாள் பழையபடி ஆயிற்று. புதுப் பிளக் வாங்கினோம். பயனில்லை. பெங்களூரிலிருந்து புதுக் காயில் வருவித்தோம்; அதிலும் பயனில்லை. எட்டு நாள் இவ்வாறு கழிந்தது. ஒன்பதாம் நாள் பாயிண்டுகளைத் திறந்தபோது அதே குழியும் அதே மேடும் மீண்டும் தோன்றியிருந்தன. ஒரு முனையின் உலோகம் மறுமுனைக்குப் பெயர்ந்து சென்றதன் அடையாளம் அது. கண்டென்சர் பழுதுபட்டதென்பதற்கு அதனைவிடத் தெளிந்த சான்று வேறில்லை. எட்டு நாட்களுக்கு முன்பே எம் கண்முன் எழுதியிருந்த அவ்வெழுத்தை யாமே உப்புத்தாளால் அழித்தோம்! ஏட்டுச்சுவடியில் பொருள் விளங்காத சொல்லைப் படியெடுப்போன் பிழையென்று எண்ணித் திருத்திவிடும் பதிப்பாளரை வகுப்பில் யாம் எள்ளியதுண்டு. வீணான காயில் இன்னும் எம் மேசைமேல் இருக்கின்றது. கண்டென்சரின் விலை அதன் பத்தில் ஒரு பங்கும் இல்லை.

அன்றுமுதல் எவ்வுறுப்பைக் கழற்றினும் துடைப்பதற்கு முன் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டோம். கழற்றிய வரிசைப்படியே பழைய முறங்களில் பரப்பி வைத்தோம். அவ்வுறுப்புகளின் பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல விழைகின்றோம். சங்கச் செய்யுட்களில் தேர்ச்சக்கரத்தின் நடுவைக் 'குறடு' என்றும் அதினின்று விரிவனவற்றை 'ஆர்' என்றும் கற்கின்றோம். பட்டறையிலோ ஹப்பும் ஸ்போக்குமே வழங்குகின்றன. ஆயினும் திருகின் சுற்றுக்கு 'மரை' என்னும் நல்ல சொல் பட்டறையாரிடமே உயிரோடு வாழ்கின்றது.

பெட்ரோல் வழி மூன்றாவது. நான்காண்டு நின்ற பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய், எஞ்சியது பிசினாய் உறைந்து கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். அன்றியும், நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு படிப்படியாக மிகுந்து 2025-இல் நூற்றுக்கு இருபது என்னும் அளவை எய்தியது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. மிகுதியாக ஈர்த்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கி இரும்பைத் துருவேற்றும். பழைய ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் அது தளர்த்திவிடும். ஆகவே 1985-ஆம் ஆண்டு வண்டியில் அவ்வுறுப்புகளைப் பழுது தோன்றுமுன்பே புதுவகை ரப்பரால் மாற்றுதல் அறிவுடைமை. நெடுநாள் நிறுத்தப் புகின் தொட்டியை வடித்துவிடுதலும் நன்று.

தொட்டியின் துருவைப் போக்க யாம் ஊற்றியது காடி. பரிசுத்த வாரத்துப் பாடுகளின் வாசிப்பிலன்றி இச்சொல்லை வேறெங்கும் கேளாதவர்க்கு, வினிகர் என்றால் விளங்கும். ஒரு பகலும் இரவும் ஊறவிட்டு, ஒரு கைப்பிடி பழைய நட்டுகளை உள்ளே இட்டுக் குலுக்கிக் கொட்டினோம். சமையற்சோடா கரைத்த நீரால் அலசிப் புளிப்பை மாற்றினோம். கோடை வெயிலில் காயவைத்து, காய்ந்தவுடன் காலந்தாழ்த்தாது சிறிது பெட்ரோலால் நனைத்தோம். தாமதித்தால் சில மணிக்குள் புதுத்துரு படரும். கார்புரேட்டரின் ஜெட்டுகளைக் கம்பியால் குத்தலாகாது. துளை ஒரு மயிரிழை அகன்றாலும் கலவை கெடும். தூரிகையின் ஒற்றை இழையாலும் சைக்கிள் பம்பின் காற்றாலும் அடைப்பு நீங்கிற்று. இவ்வேலைகளை வீட்டுக்குள் செய்யாது வெட்டவெளியில், அடுப்புக்கும் விளக்குக்கும் சேய்மையில் செய்தல் வேண்டும்.

டயர்கள் இரண்டும் பார்வைக்குத் தேயாதவைபோல் இருந்தும் பக்கங்களில் வெடித்திருந்தமையால் மாற்றினோம். பிரேக் கட்டைகளையும் கம்பிகளையும் மாற்றினோம். பழைய கட்டைகளின் தூசியில் கல்நார் இருக்கக்கூடுமாதலால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தோம். கியர்ப்பெட்டிக்கும் கிளட்சுக்கும் உரிய எண்ணெய்களைப் புதுப்பித்ததோடு நின்றோம். அவை எம்மைத் தொல்லைப்படுத்தவில்லை.

ஜூன் மாதத்து இரண்டாம் வாரத்தில் ஒரு மாலை, எல்லாவற்றையும் பூட்டி முடித்தோம். புல்லட்டை உதைப்பதற்கும் ஒரு முறை உண்டு. சாவியைத் திருப்பி உதைகோலை மெல்ல அழுத்திக்கொண்டே முகப்பிலுள்ள அம்மீட்டரை நோக்க வேண்டும். பாயிண்டுகள் சேர்ந்திருக்கும்போது முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். நெருக்கத்தின் உச்சி அணுகுங்கால் அவை பிரிய, முள் நடுவுக்குத் திரும்பும். அக்கணத்தில் வால்வைச் சிறிது திறக்கும் சிறு நெம்புகோலைக் கையால் பிடித்துப் பிஸ்டனை உச்சி கடத்தி, அதனை விட்டுவிட்டு, கோலை மேலேற்றி, ஒரே முழு உதை. வலிமையால் ஆகும் காரியமன்று அது. எம் சிறிய தந்தையார் மெலிந்த உடலினர். அவர் முதல் உதையில் கிளப்புவதைச் சிறுவயதில் கண்டு யாம் வியந்ததுண்டு.

முதல் உதை வீணாயிற்று. இரண்டாவதும் வீணே. மூன்றாவதில் கார்புரேட்டர் வழியே ஒரு தும்மல். சிற்றன்னையார் திண்ணைத்தூணைப் பற்றியபடி ஒன்றும் பேசாமல் நின்றார். ஐந்தாம் உதையில் எஞ்சின் எழுந்தது. கொட்டில் முழுதும் நீலப்புகை நிறைந்து, சில நிமிடத்தில் வெளுத்து அடங்கியது. யாம் மகிழ்ச்சி மறந்து எண்ணெய் அறையின் மூடியைத் திறந்து பார்த்தோம். மீளும் பம்பு எண்ணெயைக் கொணர்ந்து சொட்டுகின்றதா என்று காண்பது முதற்கடமை. சொட்டியது. நிமிர்ந்து பார்த்தபோது சிற்றன்னையார் உள்ளே சென்றுவிட்டிருந்தார். சற்றுநேரம் கழித்து வெளிவந்து, "அவர் வரும்போது ஏரிக்கரைத் திருப்பத்திலேயே கேட்கும், சோற்றை வடித்துவிடுவேன்" என்றார்.

எஞ்சியது அலுவலகக் காரியம். உரியவர் மறைந்தபின் வண்டி வாரிசின் பெயருக்கு மாறுதற்கு 31-ஆம் படிவம். பதிவைப் புதுப்பித்தற்கு 25-ஆம் படிவம். உடன் காப்புறுதிச் சான்றும் புகைச்சான்றும். பெயர் மாற்றத்தை உரிய காலத்தில் செய்யாமையால் அபராதமும் கட்டினோம். தோழர்கள் எம்மைப்போல் தாமதியாதிருப்பாராக. பதினைந்தாண்டு கடந்த மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 300 ரூபாயிலிருந்து 1000 ஆயிற்று. ஜூலையில் யாம் கட்டியது அத்தொகையே. ஆகஸ்டில், இருபதாண்டு கடந்தவற்றுக்கு அது 2000 ஆக உயர்த்தப்பட்டது. கிருஷ்ணகிரியில் ஆய்வாளர் எஞ்சின் எண்ணையும் சட்டக எண்ணையும் ஒப்பிட்டு, விளக்கு, ஒலிப்பான், பிரேக் ஆகியவற்றைச் சோதித்து, ஒருமுறை தாமே ஏறி ஓட்டிப் பார்த்து ஒப்பமிட்டார்.

தம்பி இப்போது காலை ஏழரை மணிக்கு அதன்மீதே புறப்படுகின்றான். ஞாயிறுதோறும் சிற்றன்னையார் பின்னிருக்கையில் அமர்ந்து ஆலயத்துக்குச் செல்கின்றார். கிளட்சு மூடியின் அடியில் ஓரிடத்தில் மட்டும் எண்ணெய் இன்னும் சொட்டுகின்றது. இருமுறை கேஸ்கெட் மாற்றியும் நிற்கவில்லை. அடுத்த விடுமுறையில் அம்மூடியின் முகத்தைக் கண்ணாடிமேல் வைத்துச் சமம் பார்க்க எண்ணியுள்ளோம். அதுவரை இரவில் அதன் கீழே ஒரு தகரக்குவளை வைக்கப்படுகின்றது.